உப்புக்காற்றுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் ஆட்டம் அடங்கிவிட்டது, வாடை இன்னும் தொடங்கவில்லை. எங்கள் கரையில் மண்வெட்டி எடுக்க இதைவிட நல்ல நாட்கள் கிடையாது. கடிதங்களும் அதற்கேற்பக் குவிந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன். நான் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மல்லி நாற்றுக்காரி. தோட்டச் சங்கத்தின் செயலாளர் வேலை பிறகு வந்து சேர்ந்தது. அதனால் மல்லி பற்றி யாராவது கேட்டால் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. மாடியில் தக்காளி, ரோஜா, பீன்ஸ் வைத்தேன். இலை ஓரமெல்லாம் கருகிச் சுருள்கிறது. சத்துக் குறைவு என்று கடையில் சொன்னதால் உரம் வாங்கிப் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கீழக்கரை

முதலில் உரத்தை நிறுத்துங்கள், தங்கச்சி. கடைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சாம்பல் சத்து குறைந்தாலும் இலை ஓரம் இப்படித்தான் கருகும். ஆனால் தொட்டியின் வாயைச் சுற்றி, மண் காயும் இடத்தில், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டியிருந்தால் உங்கள் வியாதி உப்புதான். ரசாயன உரமும் தண்ணீரில் கரைந்தால் உப்புதானே? ஏற்கெனவே உப்பில் தவிக்கும் வேருக்கு மேலும் உப்பைக் கொடுத்தால், சுற்றிலும் ஈரம் இருந்தும் அதனால் உறிஞ்ச முடியாது.

தண்ணீரை அளந்து பார்த்துவிடுங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர், குடிதண்ணீருக்குப் பயன்படுத்துவார்களே, பேனா அளவில் இருக்குமே, அது போதும். 450க்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் கவலை இல்லை. 2000ஐத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள், நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். நடுவில் இருந்தால் தண்ணீருக்கு ஏற்ற செடியைத் தேட வேண்டியதுதான்.

அப்புறம், இதை எழுதாமல் விட மனசு கேட்கவில்லை. ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயைச் செடிப் பக்கம் திருப்பி விடுகிற பழக்கம் நம் ஊர்களில் பரவிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். வாசல் கழுவ, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். ஏசி ஓடுகிற வீடாக இருந்தால், வெளியே சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வையுங்கள். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வடிகிற தண்ணீர் அது. உப்பு அநேகமாக இருக்காது. கீழக்கரையில் ஏசி வீடுகளுக்குப் பஞ்சமா?

மழைதான் பெரிய மருந்து. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு டிரம்மையாவது குழாய்க்குக் கீழே வையுங்கள். முதல் நல்ல மழையன்று தொட்டிகளைத் தாழ்வாரத்திலிருந்து நடுமாடிக்கு இழுத்துவிடுங்கள். அடித்துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மேலே பெய்து கீழே ஒழுகும்போது மண்ணிலிருக்கும் உப்பும் கூடவே இறங்கிவிடும். துளை அடைத்த தொட்டியில் எத்தனை மழை பெய்தாலும் உப்பு உள்ளேயே கிடக்கும்.

தினமும் அரைச் சொம்பு ஊற்றுவதைவிட, ஊற்றும்போது அடியில் ஒழுகும்வரை ஊற்றுவது நல்லது. இலைமேல் படாமல் ஊற்றுங்கள். செடியைப் பொறுத்தவரை பீன்ஸ், வெங்காயம், கேரட் மூன்றையும் மறந்துவிடுங்கள், உப்பு வாசனையே அவற்றுக்கு ஆகாது. தட்டைப்பயறு, பீட்ரூட், பருப்புக்கீரை தாக்குப்பிடிக்கும். பூவுக்குக் காகிதப்பூவும் அரளியும் நித்தியகல்யாணியும் இருக்கின்றன. தக்காளியை மழைக்காலத்தில் வையுங்கள். ரோஜாவை விட மனசு வராது என்று தெரியும். ஒரே ஒரு தொட்டி வைத்து, அதற்கு மட்டும் ஏசி தண்ணீர் ஊற்றுங்கள்.

உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– தேவிபட்டினம்

எந்த உப்பு என்பதைப் பொறுத்தது. களர் மண்ணுக்கு ஜிப்சம் வேலை செய்யும். அதில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்தச் சோடியத்தை விலக்கிவிடும். ஆனால் நம் கடலோரத்தில் அதிகம் இருப்பது உவர் மண், உப்பு மண்ணோடு ஒட்டாமல் தண்ணீரில் கரையும்படி கிடக்கிற மண். அதற்கு ஜிப்சம் போடுவது காசைக் கரைப்பதுதான். நல்ல தண்ணீர் தேக்கி, வடிகால் வெட்டி, உப்பைக் கீழே இறக்குவதுதான் வழி. இரண்டும் கலந்தும் இருக்கலாம், அதனால் மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் மூட்டை வாங்காதீர்கள். ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இதே விவகாரத்துக்காகவே இருக்கிற இடம், போய்க் கேளுங்கள். இடம் காலியாகக் கிடந்தால் மழைக்குத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கன்று நடுவது, போட்டோ எடுப்பது, மறந்துவிடுவது. உங்கள் சங்கமும் இதைத்தானே செய்கிறது? போன ஜூன் 5ஆம் தேதி மற்ற அமைப்புகள் எல்லாம் நட்டபோது உங்கள் ஆட்களைக் காணவில்லையே!
– ராமேஸ்வரம்

அண்ணே, கேள்வியில் சூடு இருக்கிறது, நல்லது. ஜூன் 5 அன்று எங்களைக் காணவில்லை என்பது உண்மை. இனியும் காண மாட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

சுற்றுச்சூழல் தினம் உலகத்துக்குப் பொதுவாக வைத்த தேதி. கேரளத்தில் அந்த வாரம் மழை தொடங்குகிறது, அங்கே நடுவது சரி. நம் கரையில் அக்கினி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும், கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். நமக்கு மழை ஐப்பசியில், வடகிழக்குப் பருவத்தில். ஜூனில் நட்ட கன்று ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றையும் குடத்துத் தண்ணீரிலேயே தாண்ட வேண்டும். குடிக்கிற தண்ணீரையே தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு வருகிற ஊர்களில், அந்தக் கன்றுக்கு யார் ஊற்றுவார்கள்? பெண்கள்தான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தெருவில் கன்றை ஊன்றிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்துல் கலாம் அய்யா நினைவு நாள் ஜூலை 27. அதற்கும் இதே கதைதான். அன்று பேய்க்கரும்பு நினைவிடத்துக்குப் போய் வணங்கிவிட்டு வருகிறோம், கன்று நடுவதில்லை. அவர் பிறந்த நாள் அக்டோபர் 15. நமக்கு அதுதான் தேதி. பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது, நட்ட கையோடு வானம் தண்ணீர் ஊற்றும். மரம் நடச் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் இந்தத் தீவில் இப்படியொரு தேதியில் பிறந்தது நமக்குக் கிடைத்த வசதி.

ஜூனில் நாங்கள் சும்மா இருப்பதில்லை. ஊரணியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரம் அது. அதற்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கையும் மண்ணையும் அள்ளுகிறோம், வேப்பங்கொட்டை பொறுக்குகிறோம், ஆடி கடைசியில் குழி எடுத்து ஆறப்போடுகிறோம். இதெல்லாம் போட்டோவில் எடுபடாது. சட்டையெல்லாம் சேறாக நிற்கிற ஆட்களை யார் பத்திரிகையில் போடுவார்கள்?

எங்கள் கணக்கு எளிது. ஒரு தெருவில் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற எத்தனை வீடு கை தூக்குகிறதோ அத்தனை கன்றுதான். ஒரு வீடு என்றால் ஒன்று. கன்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைப் புதைத்துவிடுகிறோம். அடியில் சின்னத் துளை, துளையில் துணித்திரி, வாய்க்கு ஒரு மூடி. வாரத்தில் ஒருமுறை, இருமுறை பானையை நிரப்பினால் போதும், ஈரம் வேருக்குப் பக்கத்தில் கசியும், வெயில் குடித்துவிடாது. பூவரசு, வேம்பு, புங்கன், புன்னை, இவைதான் எங்கள் பட்டியல். இரண்டாவது கோடையைத் தாண்டினால் இந்த மரங்கள் நம்மைக் கேட்காது.

இரும்புக் கூண்டு நன்கொடையாகத் தருகிறோம் என்று நிறையப் பேர் வருகிறார்கள். நன்றி. ஆனால் பெயர் எழுதிய பலகையின் அகலம் கன்றின் இலைகளைவிடப் பெரிதாக இருக்கிறது. கன்று போன பிறகும் கூண்டும் பெயரும் நின்றுகொண்டிருக்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று நீங்களே பஸ்ஸில் போகும்போது பாருங்கள். கூண்டுக்குப் பதில் ஒரு கோடைக்குத் தண்ணீர் லாரிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

எங்கள் வீட்டு மல்லிச் செடி தளதளவென்று புதராக நிற்கிறது. ஆனால் பூ நாலைந்துதான். ஏன்?
– ஒரு வாசகி, பாம்பன்

வந்துவிட்டது என் கேள்வி!

பக்கத்துச் செடிக்காரியாக முதலில் கேட்கிறேன்: வெயில் படுகிற இடமா? பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியிலா வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நிழலும் ஓயாத ஈரமும் சாணி எருவும் கிடைத்தால் மல்லி இலையாகவே வளர்ந்து காலத்தைக் கழித்துவிடும். பூவுக்கு அதற்குக் கொஞ்சம் பசி வேண்டும், நல்ல வெயில் வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை கத்தி வேண்டும்.

நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள், மழை பெய்தால் ஒன்றும் செய்ய முடியாது, விடுங்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு, அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே, எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டமாக வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி, உள்ளுக்குள் பின்னிக்கொண்டு போகிற குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அன்று வெளியூர் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். வெட்டிய செடியைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். பிறகு சுற்றிக் கொத்திவிட்டு மக்கிய எருவும் பிண்ணாக்கும் வைத்துத் தண்ணீர் விடுங்கள். புதுக்கிளையில்தான் மொட்டு. மாசி கடைசியில் அரும்பு தெரிந்துவிடும், பங்குனி சித்திரையில் பறித்து மாளாது. மொட்டு வெள்ளையாக இல்லாமல் ஊதாப் பாய்ந்து, சின்ன ஓட்டையோடு இருந்தால் மொக்குப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து மண்ணில் புதைத்துவிடுங்கள், செடியடியில் போட்டுவிட்டு வராதீர்கள்.

வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போடாதீர்கள். எங்கள் தொழிலே அதுதான். முற்றியும் முற்றாமலும் இருக்கிற குச்சியாக, மூன்று நாலு கணு இருக்கும்படி, ஒரு சாண் நீளத்துக்குள் நறுக்குங்கள். கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், வேர் அங்கிருந்துதான் கிளம்பும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் பாதி உயரம் இறங்கும்படி நெருக்கி ஊன்றுங்கள். விரலால் சுற்றி அழுத்திவிட வேண்டும், உள்ளே காற்று நின்றால் குச்சி கறுத்துவிடும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மணலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பிடிக்கும், ஆனால் தேங்காது. கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீரும் ஊறும். அதனால்தான் இங்கே வேர் பிடித்த நாற்று வெளி மாவட்டங்களுக்கெல்லாம் கட்டுக் கட்டாகப் போகிறது. மழைக்காலத்தில் ஊன்றினால் மாசி, பங்குனிக்குள் பிடுங்கி நடலாம். பிடுங்கியதும் வேரில் மணல் உதிரும். பயப்படாதீர்கள், ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் தாங்கும்.

உங்கள் ஊர் பாம்பன். கடைக்குப் போய்க் காசு கொடுத்து மல்லி நாற்று வாங்கினீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும்.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து பனை விதை நடலாம் என்று இருக்கிறோம். உங்கள் சங்கத்தோடு வரலாமா? எப்படி நடுவது?
– மாணவர், ராமநாதபுரம்

வாங்க தம்பி. கோணிச் சாக்கும் கடப்பாரையும் இருந்தால் கொண்டு வாங்க. பேனர் வேண்டாம்.

பனம்பழம் ஆடியிலிருந்தே விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், பிரித்தெடுங்கள். கையில் எடுத்தால் கனமாக இருப்பதை மட்டும் வையுங்கள். முக்கால் அடி, ஒரு அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும். ஊரணிக் கரை என்றால் கரையின் வெளிச்சரிவில் போடுங்கள். முதலில் மேலே ஒன்றும் தெரியாது. முளை கீழே போகும், ஆழத்தில் போய்க் கிழங்கு கட்டும். முதல் இலை தரைக்கு வர வருஷம் ஆகலாம். "நட்டது ஒன்றும் முளைக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தோண்டிப் பார்க்கவும் கூடாது.

பெரிய ஆபத்து தை மாதம் வரும். பொங்கலுக்குக் கிழங்கு தோண்டுகிற கூட்டம் உங்கள் வரிசையையும் ஒரு கை பார்த்துவிடும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, ஊர்ப் பிள்ளைகளையே விதை போட வைப்பது. அவர்களுக்கென்று வீட்டுப் பக்கம் தனியாக ஒரு பாத்தியில் கொட்டை அடுக்கிக் கொடுத்துவிடுகிறோம். அது கிழங்குக்கு, இது மரத்துக்கு. பிள்ளைகள் ஒப்பந்தத்தை மீறுவதில்லை, பெரியவர்களைத்தான் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

வடலி வளர்த்துக் கள் குடிக்கிறதா என்று பழமொழியே இருக்கிறது, வடலி என்றால் இளம்பனை. பாளை வர பத்து, பதினைந்து வருஷத்துக்கு மேலாகும். அதுவரை அலகா பருவமா, அதாவது ஆண் பனையா பெண் பனையா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு நரை விழும்போது நுங்கு கிடைக்கலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. சூளைக்கு மரம் ஏற்றிப் போகிற வண்டியைப் பார்த்தால் அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகக் கேளுங்கள்.

ஆடு, ஆடு, ஆடு! எது வைத்தாலும் தின்றுவிடுகிறது.
– திருப்பாலைக்குடி

அரளி, நொச்சி, எருக்கு. இந்த மூன்றையும் ஓரத்தில் வையுங்கள், உள்ளே வேண்டியதை வையுங்கள். மற்றபடி முள் அடைப்புதான். ஆட்டுக்காரரிடம் சண்டை போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

சீமைக்கருவேலத்தை வேரோடு அழிக்கும் பணியில் உங்கள் சங்கம் இறங்குமா?
– சாயல்குடி

ஊரணிக்குள்ளும் வரத்துக்காலிலும் நிற்பதைப் பிடுங்குகிறோம், மழைக்கு முன்பாக இந்த மாதம் முழுக்க அந்த வேலைதான். மேலே வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகக் கிளம்பும், வேர்க்கழுத்தோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தைச் சும்மா விட்டால் ஆட்டுப் புழுக்கையில் வந்த விதை மறுபடி முளைக்கும். அதனால் அந்த மழையிலேயே வேறு எதையாவது விதைத்துவிடுங்கள். வெட்டிய கிளைகளைத்தான் எங்கள் கன்றுகளுக்கு முள் அடைப்பாகப் போடுகிறோம். திருப்பாலைக்குடி வாசகர் கவனிக்கவும்.

ஆனால் ஊரெல்லாம் ஒரே நாளில் அழிக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. கரி மூட்டம் போட்டுத்தான் நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது. வானம் பொய்த்த வருஷங்களில் சோறு போட்டது அந்த முள்மரம்தான். அவர்களுக்கு வேறு வேலை யோசித்துவிட்டுப் பேசினால் நானும் சேர்ந்து பேசுகிறேன்.

கரையில் ஒதுங்கும் தாழை என்ற கடற்புல்லையும் பாசியையும் தோட்டத்துக்குப் போடலாமா?
– மண்டபம்

செத்து ஒதுங்கிக் காய்ந்து கிடப்பதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். கடலுக்குள் உயிரோடு நிற்கிற தாழையில் கை வைக்கக் கூடாது. கடற்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் எதற்கும் போகவே வேண்டாம். எடுத்து வந்ததை அப்படியே செடியடியில் கொட்டினால் கீழக்கரைத் தங்கச்சிக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். மழையில் நனையும்படி ஒரு மூலையில் குவித்து வையுங்கள், மழைக்காலம் முழுக்க நனையட்டும், பிறகு சாணியும் சருகும் கலந்து மக்க விடுங்கள்.

கடையில் பாட்டிலில் விற்கும் பாசிச் சாறு வேறு விஷயம். அது வளர்ச்சிக்குக் கொடுக்கும் ஊக்கம், எருவுக்கு மாற்று இல்லை. உங்கள் மண்டபத்திலேயே மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது, அவர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். பாட்டிலில் எழுதிய அளவைவிட அதிகம் கலந்து தெளிக்காதீர்கள், அவ்வளவுதான்.

தென்னை ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக, மேலே கரி பூசியது போல். மருந்து என்ன?
– பெரியபட்டினம்

சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து சேர்ந்தது, பிறகு தென்னை இருக்கிற இடமெல்லாம் வந்துவிட்டது. விஷ மருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கிற என்கார்சியா என்ற குளவி தானாகவே பரவியிருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில குஞ்சுகள் கறுப்பாக இருக்கும். உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம், அந்த ஓலையை வெட்டி எரிக்காதீர்கள். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் மரத்தில் கட்டுங்கள். மோட்டார் தண்ணீரை ஓலை அடியில் வேகமாகப் பீய்ச்சினாலும் உதிரும். மேலே படிந்த கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை தெளித்தால், காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிடும். நல்ல மழை வந்தால் பாதித் தொல்லை குறையும். மரம் சாகாது, பயப்படாதீர்கள்.

எங்கள் கடற்கரையில் அலையாத்திக் கன்று நட்டுத் தர முடியுமா? சுனாமி வந்தால் தடுக்குமாமே.
– தொண்டிக்குப் பக்கத்துக் கிராமம்

உங்கள் கரை சேறா, மணலா என்று எழுதவில்லை. அலையாத்திக்குச் சேறும், ஏறி இறங்கும் ஓதமும் வேண்டும். காரங்காட்டில் காடாக நிற்கிறது என்றால் அங்கே கழிமுகமும் சேறும் இருக்கிறது. சேற்றுக்கு வெளியே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேரைப் படகில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வனத்துறை அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் உள்ளே போய்வரும்படி செய்து கன்று வைக்கிறது. கூப்பிடும்போது நாங்களும் கூலியில்லாமல் சேறு மிதிக்கப் போகிறோம். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். சேறு வாங்கிக்கொண்டால் திருப்பித் தராது.

மணல் கரையில் கொண்டுபோய் ஊன்றினால் அது நிற்காது. ஆமை முட்டையிட வரும் மணலை அடைத்தது போலவும் ஆகும், வள்ளம் ஏற்றுகிற இடத்தை மறித்தது போலவும் ஆகும். முதலில் உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள், அப்புறம் வனத்துறையில் கேளுங்கள். அனுமதி வந்தால் ஆள் நாங்கள் தருகிறோம். மணல் கரை என்றால் புன்னையும் பனையும் கேளுங்கள், கையோடு தருகிறோம்.

முண்டு மிளகாயைத் தொட்டியில் வளர்க்கலாமா?
– பள்ளி மாணவி, உச்சிப்புளி

வளர்க்கலாம், கண்ணு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சொத்து அது. இப்போது விதை போடு, மழையில் வளரும், மாசி பங்குனியில் குண்டு குண்டாகப் பழுக்கும். விதைக்குப் போன வருஷ வற்றலையே உடைத்துக்கொள். உடைத்த கையால் கண்ணைத் தொடாதே.

சங்கத்தில் சேரச் சந்தா எவ்வளவு? விதைப் பரிமாற்றத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்? என்னிடம் விதை எதுவும் இல்லை.
– ஏர்வாடி

சந்தா கிடையாது. ஒரு கோடைக்கு ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் உறுப்பினர். விதைப் பரிமாற்றம் ஐப்பசி முதல் ஞாயிறு, காலையில் வெயில் ஏறுவதற்குள். விதை இல்லையென்றால் முருங்கைக் கொம்பு கொண்டு வாருங்கள், பூவரசங்கொம்பு கொண்டு வாருங்கள், காலி அரிசிச் சாக்கு கொண்டு வாருங்கள், எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. விதையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, பெயரும் பறித்த மாதமும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். எழுதாத பொட்டலத்தை வாங்க மாட்டோம். பாகல் என்று வாங்கிப் போய்ச் சுரை முளைத்த பஞ்சாயத்தெல்லாம் என்னிடம்தான் வருகிறது.